மார்த்தாவின் இடது பின்னங்கால்

ஜனவரி 6, திங்கள்

புது நோட்டு. எழுதத் தொடங்கும் முன் எதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று வரிசைப்படுத்திக்கொள்கிறேன். முப்பத்து மூன்று வருடம் மாணவர்களிடம் இதைத்தான் கேட்டேன்.

1. மார்த்தாவின் இடது பின்னங்காலில் எந்தத் தசை, எவ்வளவு இறுகியிருக்கிறது.
2. டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சிகள், செய்த வரிசையில்.
3. அளவுகள். அன்றன்றைக்கே. ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது.
4. குமரேசன் சொல்வதைக் குறித்துக்கொள்ளலாம். ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.
5. முடிவெடுப்பது எப்சி. நான் அளந்து எழுதுகிறவன் மட்டும்.

முகவுரை இல்லாத ரெக்கார்டு நோட்டுக்கு நானே மார்க் குறைத்திருக்கிறேன். ஆகவே: மார்த்தா ஒன்பது வயதுப் பெண் குதிரை. பந்தயத்தில் ஓடித் தோற்று, என் மகள் எப்சியிடம் வந்து நாலு வருடம். அகரம்தென்னில் எப்சி நடத்தும் குதிரையேற்றப் பள்ளியில் ஆறு குதிரைகள். புதிதாக வருகிறவர்களை முதலில் மார்த்தா மேல்தான் ஏற்றுவார்கள். யார் எப்படி உட்கார்ந்தாலும் பொறுத்துக்கொள்வாள். நவம்பர் மழையில் வாசல் சேற்றில் இடது பின்னங்கால் பக்கவாட்டில் வழுக்கி, கால் விரிந்து விழுந்தாள். தொடையின் பின்பக்கத் தசை கிழிந்தது. ஓய்வில் கிழிசல் ஆறிவிட்டது. ஆனால் ஆறிய இடம் கயிறு போலக் கெட்டித்துவிட்டது. அந்த இறுக்கம் இடுப்பைத் தாண்டி விலா வரை ஏறியிருக்கிறது. காலை முழுசாக முன்னால் எடுத்து வைக்க முடியவில்லை.

கால்நடை டாக்டர் ஜெஃப்ரி மார்ச் நடுவரை கெடு கொடுத்திருக்கிறார். தினமும் இரண்டு வேளை, நாற்பது நிமிடம். எப்சிக்கு வகுப்புகள். லாயத்தில் குமரேசன் ஒருவரே ஆறு குதிரையையும் பார்க்க வேண்டும். மிச்சம் நான்.

"சவாரிக்கு ஆகலன்னா அவளை வச்சிக்க முடியாதுப்பா" என்றாள் எப்சி. "ஆறும் வேலை செஞ்சாதான் ஆறும் சாப்பிடும்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

எழுபத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒரு குதிரையைத் தொடப் போகிறேன். எனக்குத் தெரிந்த தசை தவளையின் கால் தசை. கிளிப்பில் மாட்டி, மின்சாரம் கொடுத்து, புகை பூசிய உருளையில் அது துடிப்பதைக் கோடாக வரைய வைப்போம். அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

என் மனைவி அமலராணி சிரித்தாள். "மாடு எதிர்ல வந்தா ரோட்டை க்ராஸ் பண்ற ஆளு. இவர் குதிரைக்கு டிரில் மாஸ்டராம்."

ஜனவரி 7

தொடப் போய் இரண்டு தடவை கையை இழுத்துக்கொண்டேன். பயம். மார்த்தாவுக்கும் அது தெரிந்தது என்று நினைக்கிறேன். திரும்பி என் சட்டைப் பையை முகர்ந்தாள்.

செய்த வரிசை: வெந்நீரில் நனைத்த துண்டால் தொடையில் ஒத்தடம், பத்து நிமிடம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடை, பத்து நிமிடம். குளிர்ந்த தசையை இழுக்கவே கூடாது என்று டாக்டர் அடிக்கோடிட்டிருக்கிறார். பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால், உடம்பின் பாரத்தைக் கொடுத்து, மேலிருந்து கீழாகத் தேய்ப்பது. பின்னங்காலை முன்பக்கமாகத் தாழ்வாக இழுத்து, இருபது எண்ணும் வரை பிடிப்பது. (இதை குமரேசன் செய்தார். நான் எண்ணினேன்.) கேரட்டைக் காட்டித் தலையை விலாப் பக்கம் திருப்ப வைப்பது, ஐந்து தடவை. தரையில் போட்ட ஆறு சவுக்குக் கம்புகளைத் தாண்டி நடக்க வைப்பது. கடைசியாக ஐந்தடி பின்னோக்கி நடத்துவது.

குமரேசன் குதிரைக்காரர். பந்தய லாயங்களில் இருபது வருடம் இருந்தவர். நான் நோட்டில் எழுதுவதை எட்டிப் பார்த்து, "இன்னா சார், அதுக்கு ஹால் டிக்கெட்டும் குடுப்பீங்களா?" என்றார்.

ஜனவரி 9

அளப்பதற்கு வழி கிடைத்துவிட்டது. மார்த்தா வலப்பக்கம் திரும்பினால்தான் இடப்பக்கத் தசைகள் நீளும். ஆகவே வலது விலாவில் வரிசையாகப் புள்ளி வைத்து, மூக்கு எத்தனையாவது புள்ளியைத் தொடுகிறது என்று எழுதினால் போதும். எதை ஒட்டுவது? எங்கள் வீட்டில் பொட்டு கிடையாது. குமரேசனின் மனைவி ஓர் அட்டை பச்சை ஸ்டிக்கர் பொட்டு கொடுத்தனுப்பினார். கொஞ்சம் கோந்து தடவி ஒட்டினேன். சேணவார் கட்டும் இடத்திலிருந்து இடுப்பை நோக்கி ஏழு பொட்டு, நாலு விரல் இடைவெளியில். ஏழாவதுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சரியாக ஒரு சாண்.

இன்று தொட்டது: 1.

டாக்டருக்குப் போனில் சொன்னேன். நல்ல யோசனை என்றார். ஆறாவதை மூன்று நாள் தொடர்ந்து தொட்டால் எடை குறைந்த ஆளை ஏற்றி நடக்க வைத்துப் பார்க்கலாமாம். எனக்கு இன்று முழுதும் ஒரு சந்தோஷம். வெட்கமாகவும் இருந்தது.

ஜனவரி 13

போகிப் புகை. மார்த்தா இருமினாள். பயிற்சி இல்லை.

ஜனவரி 16

தொட்டது: 2. நேற்றும் 2.

குமரேசன் சொன்னது: "சார், கேரட்டுக்குத் திரும்பசொல்ல பின்னங்கால மாத்தி வச்சிக்கிது பாருங்க. வளையல. ஏமாத்துது. வலிக்குது சார் அதுக்கு."

வலியை எப்படி அளப்பது? அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார், காதைப் பார்த்துச் சொல்கிறார். "நம்பர் வேணும் குமரேசன், அபிப்பிராயம் வேண்டாம்" என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ? வாத்தியார் புத்தி. அவர் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போனார்.

ஜனவரி 20

2.

ஜனவரி 23

2. தேய்த்துக் குளிப்பாட்டினால் பொட்டுகள் விழுந்துவிடுகின்றன. தினமும் டேப் வைத்துக் குனிந்து ஒட்டுவதில் என் முதுகு போகிறது. "நீங்க வர்றதுக்குள்ள நானே ஒட்டி வச்சிடறேன் சார். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு ஒத்தடம் குடுக்கறது?" என்றார் குமரேசன். அன்றைக்கு நான் கடுமையாகப் பேசியதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நிம்மதி.

ஜனவரி 25

3.

ஜனவரி 28

3, மாலையில் 4. எப்சியிடம் காட்டினேன். நோட்டை வாங்கி நின்றபடியே முழுதும் படித்தாள். "அப்பா, நீங்க இல்லன்னா" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. என்னிடம் அவள் இப்படிப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தபடியே சிட்லபாக்கம் ஏரியை இரண்டு சுற்று நடந்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

தொட்டது: 5.

ஒரு சந்தேகம். எழுதி வைப்பது நல்லது. ஏழாவது பொட்டுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு சாண் இருக்க வேண்டும். இன்று அதிகமாகத் தெரிந்தது. ஒன்றரைச் சாணா? மார்த்தா நின்ற விதமாக இருக்கலாம். என் கண்ணாக இருக்கலாம்; இடது கண்ணில் புரை இருக்கிறது.

டேப் என் பையில்தான் இருந்தது. குமரேசன் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் முன்னால் டேப்பை எடுத்து அளந்தால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகும். இருபது வருடம் குதிரையோடு இருந்தவர். நான் யார்? சும்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு கேரட்டை எடுத்து நீட்டினார்.

பிப்ரவரி 4

இன்றும் டேப்பை எடுக்கவில்லை.

பிப்ரவரி 10

5, 5, 5, 6. அழகான கோடு.

சவுக்குக் கம்புகளைத் தாண்டும்போது இடது பின்னங்குளம்பு இன்னும் இடிக்கிறது. ஆறு கம்பில் நாலு. ஜனவரியிலும் நாலுதான். இரண்டு அளவு இரண்டு விதமாகச் சொன்னால் என்ன அர்த்தம்? கம்புகளைத் தாண்டுவது பழக்கம் சார்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளலாமா?

தவளைத் தசைப் பாடத்தில் சில பையன்கள் இப்படித்தான் வழவழவென்று கோடு போட்டுக் கொண்டுவருவார்கள். பார்த்ததும் தெரியும், பரிசோதனையே செய்யவில்லை என்று. கூப்பிட்டுக் கேட்க மாட்டேன். பாதி மார்க் போட்டு அனுப்பிவிடுவேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மூன்றாவது நாளாக 6.

எப்சி கேட்டாள்: "அப்பா, ஏத்தலாமா?"

நான் சொன்னது: "அளவு அப்படித்தான் காட்டுது."

ஏற்றலாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பொட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி.

காலை 6.40. ஒத்தடம், நடை, எல்லாம் முடிந்து எப்சியே ஏறினாள். எடை ஐம்பத்திரண்டு கிலோ. பன்னிரண்டு நிமிடம் நடை. நொண்டும் குதிரைக்கு ஆடுவது போலத் தலை ஆடவில்லை. எப்சி என்னைப் பார்த்து, "நல்லாதானே இருக்கா?" என்றாள். தலையசைத்தேன். டாக்டர் நடை மட்டும் என்று சொல்லியிருந்தார். "ரெண்டே ரெண்டு ரவுண்டு டிராட், மெதுவா ஓட விட்டுப் பாத்துக்கறேன்" என்றாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் சுற்றின் வளைவில் மார்த்தா நின்றாள். சத்தம் எதுவும் கேட்கவில்லை. பின்பக்கம் மெதுவாக இறங்கி, நாய் உட்காருவது போல உட்கார்ந்தாள். குதிரை அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்சி குதித்து இறங்கிவிட்டாள், அடி இல்லை. மார்த்தா எழ முயன்றாள். முன்னங்கால் ஊன்றியது. பின்னால் வரவில்லை. மறுபடி. மறுபடி. குமரேசன் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எய்ந்திரு தாயி, எய்ந்திரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் கையில் நோட்டோடு நின்றிருந்தேன்.

பிப்ரவரி 21

டாக்டர் ஜெஃப்ரி ஸ்கேன் செய்தார். பழைய இடத்திலேயே கிழிந்திருக்கிறது. முன்பைவிட ஆழமாக, இடுப்பெலும்போடு சேரும் இடம் வரை. "இது ஆறினாலும் முழுக்கத் தழும்புதான். எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் வலிக்கும். ஆள் ஏற முடியாது, எப்பவுமே." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆறாவது பொட்டைத் தொட்ட குதிரைக்கு இது எப்படி சார் ஆகும்? எனக்குப் புரியல" என்றார்.

எனக்குப் புரிந்தது. தெரியவில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 22, சனி

எப்சி இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். கடைசியில் ஒரு கேள்வி கேட்பதற்கும் இப்படித்தான் போக வேண்டியிருக்கிறது எனக்கு.

மார்த்தா எழுந்துவிட்டாள். மூன்று காலில் நிற்கிறாள். குமரேசன் அவள் விலாவில் ஒட்டியிருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கும் முன்பே சொன்னார்.

"நான்தான் சார். கிட்டக் கிட்ட ஒட்டினேன். தினம் ஒரு நூல் அளவு."

"ஏன்?"

"நம்பர் ஏறலன்னா வேற இடம் பாக்கணும்னு மேடம் போன்ல பேசிகினு இருந்தாங்க. சும்மா நடந்தா போதும், போகப் போக சரியாயிடும்னு நெனச்சேன்." இன்னொரு பொட்டை உரித்துவிட்டு: "வலிக்குதுன்னு சொன்னேன் சார் உங்ககிட்ட. நம்பர்தான் வேணும்னீங்க."

ஏழாவது பொட்டு இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அன்னைக்கு நீங்க பாத்தீங்க சார். இங்க, இந்த எடத்த. ரொம்ப நேரம் பாத்துகினு நின்னீங்க. பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. சாரும் அது பொழைக்கணும்னுதான் விடறாருன்னு நெனச்சேன்."

நான் அதற்காக விடவில்லை. நான் எதற்காகவும் விடவில்லை — பயந்தேன், அவ்வளவுதான். அதை அவரிடம் சொன்னால் என்ன ஆகும்? சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். எப்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மனதில் வாக்கியத்தை அமைத்து வைத்திருந்தேன். பாட்டு முடிந்ததும் சொல்லலாம், பிரசங்கம் முடிந்ததும் சொல்லலாம். வாசலில் செருப்பு மாட்டும்போது அவளே சொன்னாள்: "டிராட் போனது என் தப்புப்பா. டாக்டர் வேணாம்னாரு." அவள் பத்து நாளாக அதைச் சுமந்திருக்கிறாள். அப்போதும் சொல்லவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் அமலராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "என்கிட்ட ஏன் சொல்றீங்க? நானா குதிர மேல ஏறினேன்?"

மார்ச் 6

தனியாகப் போய், டேப் வைத்து, நானே பொட்டு ஒட்டினேன். நாலு விரல் இடைவெளி. மார்த்தா கேரட்டுக்காகத் தலையைத் திருப்பினாள். முதல் பொட்டுக்கு வரவில்லை. கேரட்டை அவள் வாய்க்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அளவு: 0.

மார்ச் 8, சனி

பல்லாவரத்திலிருந்து ரத்தினபாய் என்று ஒரு அம்மாள் வந்தார். அறுபது வயது இருக்கும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புகிறவர். எப்சி சொல்லித்தான் வந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. மார்த்தாவுக்கு டாக்டர் வலிக்கு ஊசி போட்டிருந்தார். முற்றத்தில் மெதுவாக, நொண்டல் அதிகம் தெரியாமல் நடந்தாள். அந்த அம்மாள் பல்லைப் பார்த்தார், காதைப் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல மொகம். குணமா கீது" என்றார். "ஊர்கோலம்னா ஓடவா போவுது? நின்னு நின்னுதான் போவும். அரை மணி நேரம். நான் வச்சிக்கிறேம்மா."

எப்சி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது. மார்த்தா உயிரோடு போக அது ஒன்றுதான் வழி. எனக்கும் அது தெரிந்தது.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. "அம்மா, அந்தக் கால் தாங்காது. ஆள் ஏறினால் மறுபடி கிழியும். நடு ரோட்டில் உட்கார்ந்துவிடும். இப்போது நடப்பது ஊசியால்."

அவர் எப்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லவேள, வாயத் தொறந்தீங்க. நொண்டி மேல மாப்பிள்ளய ஏத்தினா, பொண்ணூட்டுக்காரன் என் மேல ஏறுவான்." கோபமே இல்லை. டீ குடித்துவிட்டு, போகும்போது மார்த்தாவின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனார்.

எப்சி என் எதிரில் வந்து நின்றாள். "இப்ப மட்டும் எப்படிப்பா பேச வந்துச்சு?"

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு நகர்ந்திருந்தது, பிப்ரவரி 3 அன்றே பார்த்தேன், கேட்கவில்லை. யார் ஒட்டியது என்று அவள் கேட்டாள். நான் தயங்கினேன். தொட்டிப் பக்கம் நின்றிருந்த குமரேசன் வந்து, "நான்தான் மேடம்" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மாசம் கால இழுத்து, நடக்க வச்சிருப்பேன்ப்பா. நான் ஏறியிருக்கவே மாட்டேன்."

சரிதான்.

மார்ச் 10

வயதான குதிரைகளை வைத்துப் பராமரிக்கிற இரண்டு இடங்களுக்கு டாக்டர் போன் செய்தார். இரண்டிலும் இடமில்லை. ஊசி வேலை செய்யும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. இரவில் படுப்பதில்லை, படுத்தால் எழ முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசி ஊசி வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது.

மார்ச் 12

ஒத்தடம் கொடுத்தேன். அது ஒன்றுதான் இன்னும் பட்டியலில் மிச்சம். கண்ணை மூடிக்கொண்டாள்.

குமரேசன் வெந்நீர் வாளியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தம்மாகிட்ட சொல்லாம இருந்திருக்கலாம் சார். ஊர்கோலம்தானே. நின்னு நின்னுதான் போவும்."

துண்டைப் பிழிந்து மறுபடி தொடையில் வைத்தேன். சொல்ல வேண்டிய நாளில் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். சொல்லாமல் விட்டிருக்க வேண்டிய நாளில் சொன்னேனா? ரோட்டில், பேண்டு வாத்தியத்துக்கு நடுவில், அவள் உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். பிறகு வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

டாக்டர் ஆறரைக்கு வந்தார். குமரேசன் அதற்கு முன்பே அவளைத் தேய்த்து, வாலைச் சிக்கெடுத்து வைத்திருந்தார். பிறகு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். எப்சி தலையைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஊசியில் தலை தொங்கியது. இரண்டாவதில் முன்னங்கால்கள் மடிந்து சரிந்தாள்.

டாக்டர் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். நான் மண்டியிட்டு இடது தொடையில் கை வைத்தேன். தளர்ந்திருந்தது. இந்த இரண்டு மாதத்தில் என் கைக்கு ஒரு நாளும் அது அப்படி அகப்படவில்லை. அந்தக் கயிறு போன்ற தழும்பு மட்டும் நடுவில் தட்டுப்பட்டது. சில மணி நேரத்தில் எல்லாத் தசையும் மறுபடி இறுகும். எத்தனை வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். எப்சி வந்து என் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

பின்பக்க நிலத்தில் ஜேசிபி ஏற்கெனவே குழி தோண்டி வைத்திருந்தது.

வீட்டுக்கு வரும்போது கேம்ப் ரோடு சிக்னலில் ரொம்ப நேரம் நின்றோம். எங்கள் தெருமுனையில் காரை நிறுத்தி, "நோட்ட குடுங்கப்பா, நான் படிக்கணும்" என்றாள். சாயங்காலம் தருகிறேன் என்றேன். இந்தப் பக்கத்தை முடித்ததும் கொடுத்துவிடுவேன்.

கொடுக்கும் முன் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். குமரேசன் சொல்வதை ஆதாரமாக எடுக்கக் கூடாது என்று நான்காவதாக எழுதியது என்னை உறுத்துகிறது. அதில் இன்னும் தெளிவில்லை. ஆனால் ஐந்தாவது, முடிவெடுப்பது எப்சி என்பது, தவறு. முடிவெடுத்தது நான். இரண்டு தடவையும்.